பெயரோடு கொடுத்த காணிக்கை

தோள்பட்டை வலி காலையில் எறும்பு ஊர்வது போலத்தான் தொடங்கும். டீ நேரத்துக்குள் கழுத்துக்கு ஏறிவிடும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனால் விரல்கள் மூடியைப் பிடிக்க மறுக்கும். நவம்பர் மாதம் முழுக்க லெசியெலிக்கு இதே கதைதான். திராட்சைக் குலைகள் தலைக்கு மேலே பந்தலில் தொங்கின. காய்கள் இன்னும் மிளகு அளவைத் தாண்டவில்லை. ஒவ்வொரு குலையிலும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் காய்களைச் சின்னக் கத்தரியால் நறுக்கி உதிர்த்துவிட்டால்தான் மிச்சமுள்ளவை பருத்து, பெட்டிக்குப் போகும், கப்பலேறும். அதற்காக நாள் முழுக்கக் கைகளைத் தூக்கியபடியே நிற்க வேண்டும். போலீசைப் பார்த்துக் கை தூக்கினவள் சாயங்காலம் வரைக்கும் இறக்க மறந்துட்டா என்று அவள் புருஷன் மனாசே கேலி செய்வான். அவனுக்கென்ன, சர்க்கரை வியாதியில் கால் பெருவிரலை எடுத்ததிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றி இறக்குவதோடு அவன் வேலை முடிந்தது.

பக்கத்தில் நின்று கத்தரிப்பவள் மஹ்னாஸ். மூன்று பருவமாக இருவரும் ஒரே வரிசைதான். சேர்த்து விட்டால் இவர்கள் பேச்சும் குறையாது, வேலையும் குறையாது என்று கங்காணிக்குத் தெரியும். மஹ்னாஸ் ஈரானிலிருந்து படகேறி வந்தவள். புருஷன் பாதியில் விட்டுப் போய்விட்டான். பெட்ரோல் பங்குக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறையில், பள்ளிக்கூடம் போகிற மகளோடு இருந்தாள். அவளுடைய விசா ஆறு மாதத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கும். அவளும் கூடவே செத்துப் பிழைப்பாள். லெசியெலியின் குடும்பம் டோங்காவிலிருந்து இந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது; மகன் வளர்ந்து பிரிஸ்பேனுக்கே போய்விட்டான். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் உடைந்த ஆங்கிலமும் ஒரே கர்த்தரும்தான். லெசியெலி பெரிய உடம்புக்காரி. நாற்பது டிகிரி வெயிலில் மஹ்னாஸ் அவளுக்குக் கிழக்கேயோ மேற்கேயோ பார்த்து நின்றுகொள்வாள். நீங்க லீவு போட்டா எனக்கு நிழல் இல்லக்கா, வெயில்ல நின்னதுக்கு உங்க சம்பளத்துல பாதியை எனக்குக் குடுக்கணும் என்பாள்.

அன்றைக்கு அவள் பேசவில்லை. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள். தம்பியைப் பற்றி. ஷீராஸ் நகரத்தில் குளிர்பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, உதடு மட்டும் அசைகிற மாதிரி பாடுவார்கள். மஹ்னாஸ் இயேசுவை அறிந்ததே அவன் வழியாகத்தான். போன வருஷம் ஒருமுறை அவனைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்து, இனிமேல் எங்கேயும் கூட மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அவன் மறுபடியும் கூடுகிறான். அம்மா போனில் அழுகிறாள்.

"அவனுக்காக ஜெபிச்சுக்கோங்கக்கா."

லெசியெலி பெயரைக் கேட்டாள். மஹ்னாஸ் ஒரு குலையை முழுசாக முடித்த பிறகு, பெயர் வேண்டாமே, கடவுளுக்குத்தான் தெரியுமே என்றாள்.

"அவருக்குத் தெரியும்டி. எனக்குத் தெரியணும்ல? மஹ்னாஸ் தம்பி, மஹ்னாஸ் தம்பின்னு நான் நாள் பூரா கூப்பிட்டா அவரு உன்னையத்தான் திரும்பிப் பார்ப்பாரு. அவன் அங்கயே கிடப்பான்."

மஹ்னாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பின்னால் திரும்பிப் பார்த்தாள். நாலு வரிசை தள்ளி வியட்நாம் பெண்கள் ரேடியோ கேட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். வேறு யாரும் இல்லை. அப்படியும் அவள் லெசியெலியின் காதுக்குப் பக்கத்தில் வந்துதான் சொன்னாள். பெஷ்மான். உங்க மனசோட இருக்கட்டும் என்றும் சொன்னாள். லெசியெலி கத்தரி பிடித்த கையை நெஞ்சில் வைத்துக் காட்டினாள்.

அவள் வாக்குத் தவறுகிறவள் இல்லை. மறுநாள் விடிவதற்கு முன், வேன் கிளம்புமுன், சமையலறையில் நின்றபடியே வழக்கமான பெயர்களைச் சொன்னாள். டோங்காவில் படுத்திருக்கும் அம்மா, பிரிஸ்பேன் மகன், மனாசேயின் கால். கடைசியில் பெஷ்மான். அந்த 'ஷ்' அவள் நாக்குக்கு வரவில்லை. டோங்கா வாய்க்கு அப்படியொரு எழுத்துப் பழக்கமில்லை. தப்பாகச் சொன்னால் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயந்து வேனில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகினாள். யாரு அவன், எந்நேரமும் அவன் பேரையே முணுமுணுக்கிறே என்று மனாசே கேட்டான். புருஷனிடம் சொல்வதில் என்ன இருக்கிறது? சொன்னாள். அவன் கண் கலங்கி, குளிர்பெட்டி ரிப்பேரா, நம்ம வீட்டுப் பெட்டி நாலு மாசமா ஊளையிடுதே, அவன் மட்டும் இங்க இருந்தா என்றான்.

வெளிநாடுகளில் விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிறவர்களுக்கென்று வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நவம்பரில் வரும். நகரத்திலிருக்கும் மிஷன் அலுவலகம் ஒரு போஸ்டரும், ஜெபக் குறிப்புகளும், மூன்று உண்டியலும் அனுப்பும். ஊரிலிருக்கும் மற்ற சபைகளில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உண்டியலில் நோட்டைப் போட்டுவிட்டு, காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். டோங்கா சபைக்கு அது ஆகாது. இவர்களுக்குக் காணிக்கை என்றால் சபை நடுவே மேசை போட வேண்டும், மேசைமேல் மரப் பாத்திரம் வைக்க வேண்டும், குடும்பம் குடும்பமாக எழுந்து வர வேண்டும். இன்ன குடும்பம், இவ்வளவு, இன்னாருக்காக என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதன்பிறகு சபை கைதட்டும், யாராவது பாட்டெடுப்பார்கள், கிழவிகள் ஆடுவார்கள். யாருக்கு என்று சொல்லாமல் போட்ட பணம், வாங்குகிறவனைப் பார்த்து வெட்கப்பட்டுப் போட்ட பணம். அப்படிப் போட்டால் செத்துப்போன அப்பன் தாத்தனுக்குக்கூடக் கேவலம் என்று நினைக்கிறவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெலேசியின் குடும்பம்தான் முதலில் எழுந்தது. கெலேசியின் புருஷனுக்குச் சொந்தமாக இரண்டு வேன் உண்டு. மனாசே ஓட்டுவது கங்காணியின் வேன். இந்த வித்தியாசத்தை கெலேசி வாயால் சொல்லிக் காட்டியதில்லை, விசேஷ நாட்களில் டோங்கா ஜனங்கள் இடுப்பில் கட்டும் பாயின் நேர்த்தியில் காட்டுவாள். அவள் இரண்டாயிரம் டாலர் என்று அறிவித்துவிட்டு, போஸ்டரில் ஒரு தாயும் பிள்ளையும் முதுகு காட்டி நிற்கும் படத்தைத் தொட்டு, இவர்களுக்காக என்றாள். கைதட்டல் எழுந்தது. ஆனால் சுரத்தில்லை. முதுகுக்கு எப்படி அழுவது? போஸ்டரில் அடியில் சின்ன எழுத்தில், பாதுகாப்புக் கருதிப் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன என்று இருந்ததைப் போதகர் இனோகே வாசித்தும் காட்டினார். கெலேசி தன் இடத்துக்குத் திரும்பும் வழியில் லெசியெலியின் பக்கம் குனிந்து, "என்னடி, இந்த வருஷமும் பாத்திரத்துல சில்லறைதானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

மனாசேயின் காலுக்கு அளவெடுத்துச் செருப்புச் செய்யச் சேர்த்திருந்த பணம் லெசியெலியின் பையில் இருந்தது. அதைக் கொடுப்பது என்று முந்தின நாளே புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்துவிட்டார்கள். கெலேசிக்குப் போட்டியாக அல்ல. எழுந்து நடந்தபோதுகூட அவளுக்குள் ஜெபம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு முன்னால் போய் நின்று, கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். மனாசே முன்வரிசையில் உட்கார்ந்து போனை உயர்த்திப் பிடித்திருந்தான். காணிக்கை நாளை டோங்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கும்படி போனில் நேரலையாக ஓட்டுவது எல்லா வருஷமும் நடப்பதுதான்.

அவள் பேசினாள். எங்கள் பணம் படத்துக்கு இல்லை. எங்களுக்கு ஒரு ஆள் இருக்கிறான். அவன் பெயர் பெஷ்மான். பழகி வைத்திருந்ததால் 'ஷ்' சுத்தமாக வந்தது. ஈரான் தேசத்தில், ஷீராஸ் நகரத்தில், குளிர்பெட்டி ரிப்பேர் செய்கிறான். டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உதட்டால் மட்டும் பாடுகிறான். நாம் இங்கே கூரை பிய்ந்துபோகிற மாதிரி பாடுகிறோமே, அவனுக்கும் சேர்த்துத்தான் பாடுகிறோம். அவன் அக்கா என் பக்கத்தில் நின்று கத்தரிக்கிறாள். அவன் எனக்கும் தம்பி.

மஹ்னாஸ் சொன்ன வார்த்தை அவளுக்கு மறந்துபோகவில்லை. உங்க மனசோட இருக்கட்டும். மனசோடு என்றால் கங்காணியிடம் சொல்லாதே, வரிசையில் நிற்கும் மற்ற ஈரான்காரர்களிடம் சொல்லாதே என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். சபை என்பது வெளியா? சபையில் சொல்வதும் மனசில் வைப்பதும் வேறு வேறா? போதாக்குறைக்கு அவள் பேசியது டோங்கா மொழியில். ஆனால் ஆளின் பெயரும் ஊரின் பெயரும் எந்த மொழியில் சொன்னாலும் அதேதான் என்பது அன்று அவள் புத்தியில் ஏறவில்லை.

சபை உடைந்து அழுதது. கெலேசியே எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பெஷ்மானுக்காக என்று சொல்லி இரண்டாம் சுற்று காணிக்கை வந்தது. பாத்திரம் நிறைந்து, போதகர் தன் கைக்குட்டையை விரித்து அதிலும் வாங்கினார். மனாசே தான் போனில் எடுத்த அந்த வீடியோப் படத்துக்கு ஒரு தலைப்பு எழுதிப் போட்டான். ஷீராஸில் குளிர்பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெஷ்மானுக்காக ஜெபியுங்கள் என்று ஆங்கிலத்தில், எல்லோருக்கும் புரியட்டுமென்று.

ஆக்லாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஜனங்கள் அதைப் பார்த்தார்கள், மற்றவர்களுக்கு அனுப்பினார்கள், அடியில் ஆமென் ஆமென் என்று எழுதினார்கள். நடுவே ஒரு வரி மட்டும் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தில் இருந்தது. லெசியெலி அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். அங்கேயே எட்டிவிட்டது, அவர்களே சேர்ந்து ஜெபிக்கிறார்கள் என்று மனாசேயிடம் காட்டினாள். அதற்குப் பதிலாகக் கைகூப்பும் படம் ஒன்றும் ஆமென் என்றும் போட்டாள். மஹ்னாஸிடம் மட்டும் சொல்லவில்லை. பணம் போய்ச் சேரட்டும், தம்பியே போன் செய்து சொல்லட்டும், அப்போது அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசையாக ஒளித்துவைத்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் மஹ்னாஸ் வேலைக்கு வரவில்லை. லெசியெலி இரண்டு பங்கு வரிசையை ஒற்றை ஆளாகக் கத்தரித்தாள். மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். தலைமுடியை வாராமல் அப்படியே தொப்பிக்குள் திணித்திருந்தாள். கத்தரியை உறையிலிருந்து எடுக்கவில்லை. பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். பெஷ்மானைக் கடையிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வந்தவர்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை, நேரே கடைக்கே வந்தார்களாம். போன தடவை மாதிரி இல்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

லெசியெலி கீழே கவிழ்த்திருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் தனக்காகத்தான் துக்கப்படுகிறாள் என்று நினைத்து மஹ்னாஸ் வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே, யார் காட்டிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும் என்றாள்.

"ஹமித். தம்பி பொண்டாட்டியோட அண்ணன். அவனுக்கு மட்டுந்தான் எல்லாம் தெரியும். அவனுக்கு இது ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கல. இப்ப தங்கச்சியையும் பிள்ளைங்களையும் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லவன் வேஷம் போடுறான். அந்த வீட்டுச் சோறு என் தம்பி ரத்தம்க்கா."

லெசியெலி வாயைத் திறந்தாள். கங்காணியின் வண்டி வரிசை முனையில் வந்து நின்றது. இருவரும் கத்தரியை எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது மனாசேயின் போனை வாங்கி அந்தப் படத்தைத் திறந்ததுதான். அந்த அந்நிய எழுத்து வரிக்கு அடியில், மொழிபெயர்க்க இங்கே தொடவும் என்று இருந்தது. இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. தொட்டாள்.

இந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டிருந்தது.

அதற்கு நேர் கீழே அவளுடைய ஆமென் இருந்தது.

மனாசே வாசித்தான். கேட்டவன் நல்லவனாகவும் இருக்கலாம் என்றான். உதவி செய்யக் கேட்டிருக்கலாம். சொல்லிவிட்டு அவனே அதை நம்பாமல் தரையைப் பார்த்தான். படத்தை அழித்தான். அழிக்கும்போது, நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. அதற்குள் நாலைந்து பேர் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, காரணத்தைச் சொல்லாமல், எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். ஆக்லாந்து அத்தை, ஜெபத்தை அழிக்கச் சொல்றியே, பைத்தியமா உனக்கு என்று திட்டினாள்.

போதகர் இனோகேயின் வீடு சபைக்குப் பக்கத்திலேயே. அவரும் வாரநாட்களில் பாதாம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர்தான். லெசியெலி அவர் வீட்டுப் பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, நம்மாலதான்னு எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். அவர் தப்பிக்கப் பார்க்கிற மனிதர் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்த ஊரில் எத்தனையோ பேரைப் பிடிக்கிறார்கள், நம் படத்தைப் பார்க்காமலேயே பிடிக்கிறார்கள் என்றார். துணியைத் தோளில் போட்டுவிட்டு, போஸ்டர்ல இருந்த அந்தச் சின்ன எழுத்தைச் சத்தமா வாசிச்சவன் நான்தான் என்றும் சொன்னார். வாசித்துவிட்டு அவரும் அழுதுகொண்டே கைக்குட்டையை விரித்தவர்தானே.

மஹ்னாஸிடம் சொல்லவா என்று லெசியெலி கேட்டாள்.

"சொன்னா அவளுக்கு என்ன கெடைக்கும்? இங்க அவளுக்கு இருக்கிறது நீ ஒருத்தி. அதையும் பிடுங்கிடுவியா? உன் பாரத்தை இறக்கி வைக்க அவ தலைதான் கெடைச்சுதா?"

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. அப்படி இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. செய்யாத பழியைச் சுமக்க ஹமித் என்று ஒருவன் இருக்கிறானே ஐயா என்றாள். உள்ளேயிருந்து அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள்.

சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். ஆள் மாற்றி ஆள், பகலும் இரவும், பெஷ்மான் பெஷ்மான் என்று கூரை அதிர அழைத்தார்கள். முன்னைவிடச் சத்தமாக, முன்னைவிட உண்மையாக. லெசியெலி தன் முறை வந்தபோது முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியவில்லை. முதன்முதலாக அவள் பெயர் சொல்லாமல் ஜெபித்தாள். உமக்குத் தெரியும், உமக்குத் தெரியும் என்று மட்டும். மஹ்னாஸ் அன்று வரிசையில் சொன்னது இதைத்தான் என்று அப்போது உறைத்தது.

காணிக்கைப் பணத்தை மிஷன் அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. தனி ஆளின் பெயர் குறித்து வந்த பணத்தை வாங்குவது எங்கள் வழக்கமில்லை, அது அந்த ஆளுக்கே ஆபத்து, பொது நிதிக்கென்று அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம் என்று பதவிசாகச் சொன்னார்கள். சபை கூடிப் பேசியது. பெஷ்மானுக்கென்று சொல்லி வைத்த பணத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, அக்காவிடமே கொடுத்துவிடுவோம் என்று முடிவானது. கெலேசிதான் முன்னால் நின்று அதைச் சாதித்தாள். தன் கூடத்தில் விரித்திருந்த நல்ல பாயையும் சுருட்டி எடுத்துக்கொண்டாள். துக்க வீட்டுக்கு வெறும் பணத்தோடு போகிற ஜாதி இல்லை நாம் என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு வேன் நிறைய ஆட்கள் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் போய் இறங்கினார்கள். அந்த அறையில் நாலு பேர் உட்கார்ந்தாலே கதவை மூட முடியாது. பாதிப்பேர் வெளியே வெயிலில் நின்று பாடினார்கள். சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து வேகவைத்த இறைச்சியும், ஒரு பாத்திரம் வள்ளிக்கிழங்கும், கோழியும் கட்டிலின்மேல் குவிந்தன. மஹ்னாஸின் மகள் மூலையில் நின்று இவர்களுடைய உடம்புகளையே வியந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் உறையை இரண்டு கைகளாலும் நீட்டினார். மஹ்னாஸ் வாங்கவில்லை. மறுபடி நீட்டினார். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவர்கள் எல்லோரும் திராட்சைக் கொடி கட்டுகிறவர்கள், கோழி உரிக்கிறவர்கள், கழிவறை கழுவுகிறவர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கெலேசி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே, தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இவ எழுந்து நின்னு உன் தம்பி பேரைச் சொன்னா பாரு, சபையே அழுதுச்சு. நான் அப்படி அழுததே இல்ல."

மனாசே கதவு நிலையைப் பிடித்தபடி லெசியெலியைப் பார்த்தான். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். மஹ்னாஸ் தலையைத் தூக்கினாள். தம்பி பிடிபட்ட பிறகு சொன்னது என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? தவழ்ந்து வந்து லெசியெலியின் கையைப் பிடித்து, புறங்கையில் முத்தமிட்டு, அதைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்குச் சொந்தம்னு இனிமே நீங்கதான்க்கா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் இருந்தார்கள், தாங்கிப் பிடிக்கக் கைகள் இருந்தன. அதனால்தான் லெசியெலியால் சொல்ல முடியவில்லை. சபை நடுவே எழுந்து பேசி நாசம் பண்ணியது போதாதென்று, இதையுமா சபை நடுவே பேசுவது? அவள் இலைப் பொதியைப் பிரித்து மஹ்னாஸின் மகளுக்கு ஊட்டினாள். பிள்ளை இரண்டு வாய் வாங்கிவிட்டு, காரமே இல்லையே ஆன்ட்டி என்றது. எல்லோரும் சிரித்தார்கள். மஹ்னாஸ்கூடச் சிரித்தாள்.

அந்தப் பணம் கைமாறிக் கைமாறி ஷீராஸுக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படிச் சேர்ந்தது என்று மஹ்னாஸ் சொல்லவில்லை, லெசியெலி கேட்கவுமில்லை. யாரைப் பற்றியும் எதையும் கேட்காமலிருக்க அவள் பழகிக்கொண்டிருந்தாள். வேலையில் மஹ்னாஸ் முன்னைவிட வேகமாகக் கத்தரித்தாள். முன்னைவிட அதிகமாகப் பேசினாள். பேச்செல்லாம் ஹமித்தைப் பற்றியே இருந்தது. சின்ன வயதில் அவன் திருடியது, கல்யாணத்தில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது, இப்போது பெஷ்மானைத் தேடி ஆபீஸ் ஆபீஸாக அலைவதாக நடிப்பது. தினமும் ஒரு புதுச் சாட்சியம் கிடைத்தது அவளுக்கு. முகம் தெரியாத அந்த மனிதன் லெசியெலியின் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கில் ஏறிக்கொண்டிருந்தான். அவள் உம் கொட்டிக்கொண்டே காய்களை உதிர்த்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கறுப்புத் திராட்சை நிறம் மாறத் தொடங்கிவிட்டது. பறவைகளை விரட்ட, தோட்டத்து மூலையில் வாயு வெடிக்குழாய் வைத்துவிட்டார்கள். நேரம் காலம் இல்லாமல் அது துப்பாக்கி போல வெடிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் மஹ்னாஸின் தோள் துள்ளும். அன்று காலை அவள் வந்தபோது கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. நல்ல சேதி ஏதோ என்று லெசியெலியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. விட்டுவிட்டார்களா?

விடவில்லை. தம்பி பெண்டாட்டி கடைசியில் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்பதுதான் சேதி. மஹ்னாஸ் தினமும் போனில் சொல்லிச் சொல்லி, பணமும் கைக்கு வந்த பிறகு, நேற்று அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹமித்தின் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டாள். ஹமித் வாசலில் நின்று அழுதானாம். குளிரில் பிள்ளைகளை எங்கே இழுத்துக்கொண்டு போகிறாய் என்று தெருமுனை வரை பின்னாலேயே ஓடி வந்தானாம்.

"நல்லா நடிக்கிறான்" என்றாள் மஹ்னாஸ்.

"எங்க போயிருக்கா?"

"தெரியல. அம்மா வீட்டுக்குப் போக முடியாது, அங்க வேவு பார்க்க ஆள் நிக்குது. வேற ஊருக்கு பஸ் ஏறினா. ராத்திரி ஒரு தடவை பேசினா, சின்னவனுக்குச் சுரம்னு சொன்னா. அப்புறம் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. நீங்க குடுத்த பணம் இருக்குக்கா, சமாளிச்சுருவா. அந்த வீட்டை விட்டு வெளிய வந்தாளே, அது போதும்."

லெசியெலி கையை இறக்கினாள். கத்தரியை மடக்கி இடுப்பு உறையில் செருகினாள். வேலை நேரத்தில் அவள் அப்படிச் செய்து மஹ்னாஸ் பார்த்ததில்லை.

"ஹமித் இல்லடி."

மஹ்னாஸ் ஒரு குலையின் காம்பில் கத்தரியைத் திறந்து வைத்திருந்தாள். அப்படியே திரும்பினாள். "என்னக்கா?"

"காட்டிக்குடுத்தது ஹமித் இல்ல. அவளை அந்த வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்லு. இப்பவே சொல்லு."

"அவதான் போனே எடுக்கலையே." மஹ்னாஸின் முகத்தில் குழப்பம்தான் இருந்தது, சந்தேகம் இன்னும் வரவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெடிக்குழாய் வெடித்தது. பந்தலுக்குள்ளிருந்து ஒரு கூட்டம் கிளிகள் ஒரே சமயத்தில் கிளம்பி, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பயம் தெளிந்து, நாலு வரிசை தள்ளி மறுபடியும் பந்தல்மேலேயே இறங்கின. இலைகளின் சலசலப்பு அடங்கியது. மஹ்னாஸ் கத்தரியை மூடவில்லை, கையை இறக்கவுமில்லை, அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். லெசியெலி அவளுக்கு இன்னும் ஒரு வார்த்தை கடன்பட்டிருந்தாள். "பேரைச் சொன்னது நான்தான்டி" என்றாள்.